மிதக்கும் தரை, ஓடும் வீடு

ஜெர்மனியில் 1999 முதல் கார் உரிமம் வாங்கியவர்கள் ஓட்டும் வண்டிக்கு 3,500 கிலோதான் எல்லை. மோட்டார்ஹோமும், அதிலுள்ள ஆளும், தண்ணீரும் அதற்குள் அடங்கவேண்டும். கரண்டியைக்கூட எடைபார்த்து வாங்குகிற மனிதருக்கு, தரை என்று வந்ததும் மனம் இளகிவிடுகிறது. ஓக் மரம்தான் வேண்டுமாம். வாங்குவதோ ஓக் படம் அச்சடித்த வினைல். (மரத்தோடு அதற்குள்ள உறவு போட்டோ அளவில்தான்.)

இதற்குப் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. பலகைகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சும்மா கிடக்கும்; அதனால்தான் ‘மிதக்கும் தரை’. வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். அதற்காகச் சுவரோரம் சில மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். நம்மவர் ஒழுங்காக விடுகிறார். பிறகு, அலமாரி ஆடுகிறதே என்று பலகையின் மேலேயே நாலு திருகாணியை முடுக்கிவிடுகிறார். மிதக்க வேண்டியதற்கு நங்கூரம்! ஜூலையில், பூட்டிய வண்டிக்குள் சூடு ஏற ஏற, நட்டநடுவில் ஒரு மேடு எழும்புகிறது.

சக்கர வளைவைச் சுற்றி வெட்ட அட்டையில் அச்செடுத்தது தனிக் கதை. மூன்றாவது அட்டை கச்சிதமாகப் பொருந்தியது. பலகையைத்தான் தலைகீழாகப் போட்டு வெட்டிவிட்டார். அந்த ஓட்டையின் மேல் மனைவி ஒரு கால்மிதியைப் போட்டிருக்கிறார். வண்டியில் முறைப்படி மிதப்பது அது ஒன்றுதான்.