நீங்கலாக

ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. ஊசி போட்ட பிள்ளைகள் மேலே, ஊசி போட வேண்டிய பிள்ளைகள் கீழே. வகுத்து நூறால் பெருக்கினால் தடுப்பூசி வீதம். தெல்லிப்பழையில் எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

கொழும்புக்கு இதைவிடச் சுகமான கணக்கொன்று தெரியும். வீதம் கூட வேண்டுமென்றால் மேலே ஊசியைக் கூட்டி மினக்கெடத் தேவையில்லை. கீழே பிள்ளைகளைக் குறைத்தால் போதும்.

1987 இல் குடிசன, சுகாதார அளவீடு எடுத்தார்கள். அட்டையில் இலங்கை என்று இருந்தது. உள்ளே பார்த்தால், வடக்கும் கிழக்கும் நீங்கலாக. 1993 இலும் நீங்கலாக. 2000 இலும் நீங்கலாக. 2006-07 இல் கிழக்குக்குப் பாவமன்னிப்புக் கிடைத்தது, வடக்கு மட்டும் நீங்கலாக. எங்கள் மாகாணத்துக்குப் பெயர் வடக்கு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம். 'நீங்கலாக' என்பது அதன் முதலெழுத்து என்று பிறகுதான் விளங்கியது.

குடிசன மதிப்பும் அப்படியே. 1981 இல் எண்ணினார்கள். 1991 இல் எண்ணவேயில்லை. 2001 இல் 18 மாவட்டங்களை முழுதாக எண்ணிவிட்டுப் பேனையை மூடினார்கள். யாழ்ப்பாணத்துக்கு முழுக் கணக்கு வந்தது 2012 இல். இடையில் ஒரு தலைமுறை பிறந்து, தவழ்ந்து, கலியாணமும் கட்டிவிட்டது. கேட்டால் பாதுகாப்புக் காரணம். குண்டு போட வரத் தெரிந்த வானத்துக்கு எண்ண வரத்தான் பயம்.

நாட்டின் தடுப்பூசி வீதம் 99 என்று இன்று உலகமே மெச்சுகிறது. மெச்சட்டும். ஆனால் அந்த வருடங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று அந்த அளவீடுகளிடம் கேட்டால், பதில் ஒன்றுதான்: இல்லாத பிள்ளைக்கு ஊசி தவறவே தவறாது.

அந்த இல்லாத பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? 1990 இல் தெல்லிப்பழை, மயிலிட்டி, காங்கேசன்துறைச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. பின்னால் முட்கம்பி போட்டு, உயர் பாதுகாப்பு வலயம் என்று பலகை நட்டார்கள். தாய்மார் மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் முகாம் கொட்டில்களில் பிள்ளை வளர்த்தார்கள். தடுப்பு மருந்தை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைக்க வேண்டும். மின்சாரம் 1990 இல் போய்விட்டது. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, பற்றறிக்குத் தடை, சவர்க்காரத்துக்கும் தடை. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. அந்த வெயிலுக்குள் மருந்தைக் குளிர் போகாமல் கொண்டுதிரிந்த குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. நீங்கலான இடத்தில் செய்த வேலையும் நீங்கல்தானே.

போலியோ சொட்டு மருந்துக்கு மட்டும் ஒரு மரியாதை இருந்தது. யுனிசெப் இடையில் நிற்க, சொட்டு மருந்து கொடுக்கும் நாளில் அரசும் புலிகளும் துவக்கை ஓய வைத்தார்கள். பிள்ளையின் வாயில் துளி விழும் வரைக்கும் இரண்டு தரப்பும் மனிதர்கள். போலியோவால் ஒரு பிள்ளைக்கும் கால் போகக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒற்றுமை. மிதிவெடியால் போகலாம் என்பதிலும் ஒற்றுமை.

தேர்தல் வந்தால் கதை வேறு. தெல்லிப்பழை காங்கேசன்துறைத் தொகுதிக்குள் வருகிறது. வாக்குக் கேட்டு வந்த எவரும் எங்களை நீங்கலாக விட்டதில்லை. மேலே தொகுதியாக இருக்க எங்களுக்கு எப்போதும் அனுமதி உண்டு. கீழே பகுதியாக இருக்கத்தான் பாதுகாப்புக் காரணம்.

ஒருவழியாக 2016 இல் 25 மாவட்டங்களையும் சேர்த்து அளவீடு எடுத்தார்கள். சண்டை முடிந்து ஏழு வருடம். 1990 இல் முகாமுக்குத் தூக்கிப்போன கைக்குழந்தைக்கு வயது 26. அப்போதும் கோணப்புலத்தில் கொட்டில்கள் இருந்தன. எண்ணத்தான் வந்தார்கள், வீடு தர அல்ல.

2019 இல் சின்னமுத்தை ஒழித்ததாக நாட்டுக்குச் சான்றிதழ் கிடைத்தது. 2023 இல் சின்னமுத்து திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஆறு மாதம் தாண்டிய கைக்குழந்தைகளுக்கு அவசர ஊசி போட ஒன்பது இடங்களைத் தெரிந்தார்கள். கொழும்பு, கம்பஹா, கண்டி என்று போன அந்தப் பட்டியலில் யாழ்ப்பாணமும் இருந்தது. அடிக்குறிப்பில் அல்ல, பட்டியலிலேயே.

இந்த நாட்டில் எங்களைக் கொழும்போடு ஒரே வரிசையில் வைத்து எண்ண ஒரு கிருமி வரவேண்டியிருந்தது. அதுக்கு 'நீங்கலாக' என்று எழுதத் தெரியாது.