மணப்பெண் நடப்பார், கேக் நடக்காது

அத்திபெலேயில் வீட்டிலேயே கேக் செய்பவருக்கு எதிரி ஓவன் இல்லை, செக்போஸ்ட். அதைத் தாண்டினால் ஜூஜூவாடி, அப்புறம் ஓசூர். ஓவன் கர்நாடகத்தில், மண்டபம் தமிழ்நாட்டில். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தால் பஸ் நின்றபோது, ஒரு மணப்பெண் கல்யாணக் கோலத்தில் நடந்தே எல்லையைக் கடந்தது செய்தியானது. மூன்றடுக்கு பட்டர்கிரீமுக்கு அந்த வைராக்கியம் ஏது? கொஞ்சம் வெயில் பட்டாலே மேல்தட்டு கீழ்த்தட்டோடு சமரசமாகிவிடும்.

2020-இல் கொரோனாவால் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றது மத்திய அரசு. மாநிலம் தாண்ட இ-பாஸ். உடனே கேக் ஆர்டரை ரத்து செய்ய மாப்பிள்ளையின் மாமா போன் போட்டார். மண்டபக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வராது, சமையல்காரரிடம் பயம். கேக் செய்பவர் மட்டும் "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி", ஆகவே அட்வான்ஸை முழுசாகத் திருப்பி ஜிபே பண்ணிவிட வேண்டும்.

ஆர்டர் போனாலும் கேக் இருக்கிறதே. ஜோடியின் பெயர்களைக் கத்தியால் சுரண்டிவிட்டு, துண்டு போட்டு அப்பார்ட்மெண்ட் குரூப்பில் 'இன்றைய ஸ்பெஷல்' என்று போட்டாயிற்று. அரைக் கிலோ வாங்கிப்போன எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "நடுவுல 'வெட்ஸ்'னு எழுதியிருக்கே, அது என்ன ஃப்ளேவர்?"