காலகேயர் பேசியது உளறலா?

கேள்வி: ‘பாகுபலி’யில் காலகேயர் தலைவன் கத்துவதற்கு அர்த்தம் உண்டா, இல்லை வாய்க்கு வந்ததா?
– வாசகர், காரைக்கால்

பதில்: உளறல் என்றால் பாடலாசிரியர் மதன் கார்க்கியின் உழைப்புக்குப் பெரிய அநியாயம். ‘கிலிகி’ என்ற அந்த மொழிக்கு ஏறக்குறைய 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். 2015-ல் படம் வருவதற்குப் பல ஆண்டு முன்பே, ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில் குழந்தைகளுக்காக விளையாட்டாக ‘க்ளிக்’ என்றொரு மொழியைக் கட்டினார் கார்க்கி. படத்தின் இயக்குநர் ராஜமௌலிக்குப் பயங்கரமான ஒரு கூட்டத்தின் பேச்சு தேவைப்பட்டபோது அதுவே விதையானது.

‘மின்’ என்றால் நான். திருப்பிப் போட்டால் ‘நிம்’, அதாவது நீ. எதிரெதிரே நிற்கும் இருவருக்கு எதிரெதிர் ஒலி! நடுநடுவே நாக்கைச் சொடுக்கும் சத்தம் வேறு. பொருள் புரியாதவருக்கும் அடிவயிறு கலங்கும்.

கார்க்கி சொல்லைப் படைத்தார் என்றால், சொல்லுக்குப் பூர்வீகமும் படைத்தவர் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன். முதலில் மூதாதை மொழி, அதிலிருந்து ஒலி மாறிப் பிரிந்த கிளைமொழிகள் என்று வம்சாவளியே போட்டார். அவர் படைத்த குவென்யா மொழியில் ஃபின்னிஷ் ஓசை கேட்கும்.

நிஜ மொழிக்கு இந்தப் பூர்வீகத்தை வரலாறே கொடுத்துவிடுகிறது. உங்கள் ஊரையே பாருங்கள்: 1739-ல் காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் ஆட்சியை விட்டார்கள். அவர்களுடைய பட்டாளத்தில் இருந்தவர் மட்டும், சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த ‘சொல்தா’வாகத் தமிழில் தங்கிவிட்டார்.

கிலிகிக்கு 2020-ல் தனி எழுத்தும் இணையதளமும் வந்தாயிற்று. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ‘மின்’, ‘நிம்’மிலிருந்து தொடங்குங்கள்.