ஆக்ஸில் ஏறிவிட்டது, ஸ்டீரிங் என்ன சொல்கிறது?

கேள்வி: 1988 டொயோட்டா பிக்கப் வாங்கியிருக்கிறேன், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. பார்க்கிறவர்கள் எல்லாம் "முன்னால் சாலிட் ஆக்ஸில் போட்டுவிடு" என்கிறார்கள். போட்டே ஆக வேண்டுமா? (ஹூஸ்டன்)

வண்டியை எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைச் சொல்லவில்லையே! அமெரிக்காவில் விற்ற டொயோட்டா 4x4 பிக்கப்புக்கு 1979 முதல் 1985 வரை முன்னால் ஒரே துண்டு ஆக்ஸில் (அதுதான் சாலிட் ஆக்ஸில்), அதன் மேல் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). 1986-இல் அதை எடுத்துவிட்டு, இடது சக்கரம் தனி, வலது சக்கரம் தனி என்று ஆடும் ஐ.எஃப்.எஸ். அமைப்பையும் டார்ஷன் பாரையும் கொடுத்தார்கள். ஹைவேயில் குலுக்கல் குறைந்தது, வளைவில் பிடிப்பு கூடியது. வாரம் முழுக்க ஆபீஸுக்கும் கடைக்கும் போகிற வண்டி என்றால் 1986-இல் எடுத்த முடிவு உங்களுக்காகவே எடுத்தது, கை வைக்காதீர்கள். கலிபோர்னியாவின் ரூபிகான் பாதை, யூட்டாவின் மோவாப் பாறைகள் என்று அடிக்கடி கிளம்புகிற ஆள் என்றால் மேலே படியுங்கள்.

கேள்வி: பாறையில் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? (பீனிக்ஸ்)

சாலிட் ஆக்ஸில் தராசுத் தண்டு மாதிரி. வலது சக்கரம் பாறை மேல் ஏறினால், அந்த ஏற்றமே இடது சக்கரத்தைக் கீழே தரையோடு அழுத்தும். ஐ.எஃப்.எஸ்.ஸில் ஒரு பக்கம் ஏறுவது மறுபக்கத்துக்குத் தெரியாது. சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மின் நீளமும் ஜாயின்ட் மடங்கும் கோணமும் விடுகிற அளவுதான் சக்கரம் இறங்கும், அதற்கு மேல் காற்றில் சுற்றும்.

இன்னொன்றும் உண்டு. ஐ.எஃப்.எஸ்.ஸில் கிரவுன் பெட்டி (டிஃபரென்ஷியல்) சேசிஸோடு சேர்ந்திருக்கிறது. வண்டி முன்னால் அமுங்கினால் அதுவும் தரையை நோக்கி இறங்கும். சாலிட் ஆக்ஸிலில் கிரவுன் ஆக்ஸிலிலேயே இருப்பதால், பட்டை எவ்வளவு அமுங்கினாலும் தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை டயரின் உயரமே தீர்மானிக்கும். ஆனால் அந்தக் கிரவுன் உருண்டை எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் தொங்குகிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, பாறையை மறுபக்கமாக விட்டு ஓட்டப் பழக வேண்டும்.

கேள்வி: எந்த ஆக்ஸிலைத் தேடுவது? (டாலஸ்)

1979 முதல் 85 வரையான பிக்கப்பின் ஆக்ஸில், அல்லது 1984, 85 ஃபோர்ரன்னரின் ஆக்ஸில். கிரவுன் 8 அங்குலம். போல்ட்டைக் கழற்றினால் கிரவுன் மொத்தமாகக் கையோடு வந்துவிடும். அந்தக் காலத்து நாலு சிலிண்டர் வண்டியின் பின் கிரவுனும் இதில் உட்காரும், ஆகவே உதிரிக்குப் பஞ்சமில்லை. அகலம்தான் குறை. ஐ.எஃப்.எஸ். வண்டியின் பின் ஆக்ஸிலை விட இது சுமார் 3 அங்குலம் குறுகல். இப்போது உங்கள் வண்டியில் இருக்கிற ஐ.எஃப்.எஸ். ஹப்பையே எடுத்து இதில் மாட்டுங்கள். அகலமும் ஏறக்குறைய சரியாகும், பெரிய பிரேக் டிஸ்க்கும் கிடைக்கும். கழற்றிய சாமானில் ஹப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு ஸ்பேசர் வாங்க அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்காது.

கேள்வி: கிடைத்த முன் ஆக்ஸிலில் கிரவுன் ரேஷியோ 4.88. பின்னால் 4.10. ஓட்டலாமா? (டொராண்டோ)

கூடாது. நாலு சக்கரத்தையும் இணைத்த நொடியில் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் ஓடப் பார்க்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கும். இரண்டையும் ஒன்றாக்குங்கள். பெரிய டயர் போடுவதாக இருந்தால் 4.88-ஐ இரண்டு பக்கமும் வையுங்கள்.

கேள்வி: ஆக்ஸில் ஏறிவிட்டது, வெல்டிங்கும் சுத்தம். ஆனால் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீரிங் தானாகத் திரும்புகிறது. ஹைவேயில் வேகம் எடுத்தால் முன்பக்கமே உதறுகிறது. வெல்டிங்கில் கோளாறா? (சான் ஆன்டோனியோ)

இந்தக் கேள்வி வராதா என்றுதான் காத்திருந்தேன். ஆக்ஸிலை ஏற்றுவது பாதி வேலைகூட இல்லை. முக்கால் வேலை ஸ்டீரிங்கில் இருக்கிறது.

முதல் கோளாறு: நீங்கள் 1985 வரையான வண்டியின் ஸ்டீரிங்கையும் சேர்த்தே மாட்டியிருப்பீர்கள். அதில் ஸ்டீரிங் பாக்ஸின் கை முன்னும் பின்னும் அசையும், ராடு சேசிஸ் ஓரமாகவே ஓடி இடது நக்கிளை (சக்கரத்தைத் திருப்பும் முட்டியை) பிடிக்கும். பட்டை அமுங்கும்போது ஆக்ஸிலும் முன்னும் பின்னும் கொஞ்சம் நகரும். ராடு அதை விடாமல் இழுக்கும், உங்கள் கை அசையாமலே சக்கரம் திரும்பும். உயரம் ஏற்றிய வண்டியில் இது இன்னும் மோசம். இதற்கு மருந்து நீங்கள் கழற்றி வைத்த ஐ.எஃப்.எஸ். ஸ்டீரிங் பாக்ஸ். அதன் கை இடமும் வலமும் ஆடும். அங்கிருந்து ஒரு ராடைக் குறுக்கே விட்டு வலது நக்கிளின் மேல் மாட்டிய ஆர்மில் பிடியுங்கள். ராடு நீளமாகவும் முடிந்த அளவு படுக்கையாகவும் இருக்கட்டும். பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேசிஸுக்குத் தகடு வைத்துப் பலப்படுத்தாமல் விட்டால் அங்கே கீறல் விழும்.

இரண்டாவது, உதறல். முதலில் காஸ்டரை, அதாவது நக்கிள் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணத்தை, அளந்து பாருங்கள். பெரும்பாலானவர்கள் 3 முதல் 6 டிகிரிக்குள் வைக்கிறார்கள். பிராப்பெல்லர் ஷாஃப்டுக்குக் கோணம் சரியாக வரட்டும் என்று கிரவுனின் பினியன் முனையை மேலே தூக்கினால் காஸ்டர் செத்துப்போகும். காஸ்டரைப் பார்த்தால் பினியன் கெடும். இரண்டும் வேண்டுமென்றால் ஆக்ஸில் நுனியில் இருக்கும் உருண்டையின் வெல்டை அரைத்துவிட்டு, உருண்டையை வேண்டிய அளவு திருப்பி, மறுபடி வெல்டு வைக்க வேண்டும். அளவெடுக்கத் தெரிந்த கை மட்டும் செய்ய வேண்டிய வேலை இது.

காஸ்டர் சரியாக இருந்தும் உதறினால் நக்கிள் பேரிங்கைப் பாருங்கள். டை ராடு, பாக்ஸிலிருந்து வரும் ராடு இரண்டையும் கழற்றிவிட்டு, டை ராடு மாட்டும் ஓட்டையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு நக்கிளை இழுங்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் பேரிங் லூஸ், ஆர்ம் அடியில் இருக்கும் ஷிம்மைக் குறைக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஸ்டீரிங் டாம்பர் ஒன்றை மாட்டி உதறலை அமுக்குகிறார்கள். நோய் உள்ளேயே இருக்கும், ஒருநாள் எதிரே இன்னொரு குடும்பத்தின் கார் வரும்போது வெளியே வரும். டாம்பரைக் கடைசியில் மாட்டுங்கள்.

கேள்வி: ஆக்ஸில் நுனி உருண்டைக்குள் இருக்கும் பெர்ஃபீல்ட் ஜாயின்ட் உடையும் என்று பயமுறுத்துகிறார்களே? (டென்வர்)

உடையும், எப்போது என்றும் சொல்லலாம்: ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்து வைத்துக்கொண்டு, சக்கரம் பாறையில் மாட்டியிருக்க, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால். முன்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் போட்டவர்களுக்கு இன்னும் சீக்கிரம். திருப்பும்போது டக் டக் என்று கேட்டால் அது முன்னறிவிப்பு. குரோமோலி எஃகில் செய்த ஜாயின்ட் போட்டால் பெரும்பாலும் தாங்கும். எப்படியும் பழைய ஆக்ஸிலைப் பிரித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். நுனி உருண்டையைச் சுற்றிக் கறுப்பாகக் குழம்பு போல் வழிந்திருந்தால், உள் ஆயில் சீல் போய் கிரவுன் ஆயில் கிரீஸோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். சீல், பேரிங், துடைப்புப் பட்டை எல்லாம் புதிது போடுங்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். இங்கே இவ்வளவு பாடு தேவையா? (பெர்த்)

உங்களுக்கு அதிர்ஷ்டம். அங்கே சில டீசல் ஹைலக்ஸ் வண்டிகள் 1997 வரை சாலிட் ஆக்ஸிலோடே வந்தன. அந்த எல்.என்.106 நல்ல நிலையில் கிடைத்தால் நேராக அதையே வாங்குங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எஞ்சினியரின் சான்றிதழ் இல்லாமல் சாலையில் இறக்காதீர்கள்.

கேள்வி: என் தார் வண்டியில் இதைச் செய்ய இங்கே ஒரு பட்டறை தயார். செய்யட்டுமா? (கோவை)

பட்டறை தயாராக இருக்கலாம், சட்டம் தயாராக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சாலிட் ஆக்ஸில்தான் வேண்டும் என்றால் அதோடே பிறந்த வண்டியை வாங்குங்கள்: பழைய ஜிப்ஸி பட்டையோடு, ஜிம்னி காயில் ஸ்பிரிங்கோடு.

கேள்வி: எல்லாம் முடித்துவிட்டேன். நாளைக்கே மோவாப் கிளம்பலாமா? (சால்ட் லேக் சிட்டி)

முதலில் பிரேக் ஹோஸைப் பாருங்கள். ஒரு சக்கரத்தை ஜாக்கியில் முழுசாகத் தொங்கவிட்டு, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்தால் ஹோஸ் விறைக்கக்கூடாது. விறைத்தால் நீளமானது போடுங்கள். பிறகு ஊருக்குள்ளேயே கொஞ்ச நாள் ஓட்டுங்கள். பட்டை படிந்து உட்கார்ந்ததும் யு-போல்ட் நட்டுகள் இளகியிருக்கும், நக்கிள் ஸ்டட்டுகளும் அப்படியே. டார்க் ரென்ச் வைத்து எல்லாவற்றையும் மறுபடி முறுக்கிவிட்டு, அடுத்த வாரம் கிளம்புங்கள்.