கொப்பி மாமா

திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் ஒழுங்கைக்கு ஒரு கொப்பி மாமாவாவது இருப்பார். பென்சன்காரர். சாரத்தை மடித்துக் கட்டி, பழைய நிசான் சன்னியின் பொனட்டைத் திறந்துவிட்டு, உள்ளே யாரோ கூப்பிட்டதுபோல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பவர்.

பக்கத்தில் சீ.ஆர். கொப்பி. பிள்ளையார் சுழி, திகதி, கிலோமீற்றர், ஒயில். மேலே சிவப்பு மையில் ‘கடும் ஓட்டம்’.

வினையே அந்த இரண்டு சொல்லால்தான். காரோடு வரும் கைநூல் ஓட்டத்தைச் சாதாரணம், கடுமை என்று பிரிக்கிறது. தூசி, உப்புக்காற்று, வெக்கை, ஏற்றம், பாரம் எல்லாம் கடுமைக் கணக்கு. ஒயில் மாற்றும் தவணை பாதியாகக் குறையும். மாமா ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கச்சான் அடித்தால் புழுதி, வாடை அடித்தால் உப்பு, குடியிருக்கும் மேட்டின் பேரிலேயே உவர். போதாக்குறைக்குக் கிட்டத்து ஓட்டமும் கடுமையாம். எஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் நிறுத்தினால் உள்ளே படிந்த ஈரம் ஆவியாகாமல் ஒயிலோடு சேர்ந்துவிடுமே! மாமாவின் ஓட்டமோ வீடு, சந்தை, வீடு. ஆக, இந்த ஊரிலேயே கடுமையாக ஓடுவது ஓடாமல் நிற்கும் அவருடைய கார்தான்.

அதற்கு மருந்து, ஞாயிறு தோறும் கந்தளாய்வரை ஓட்டம். தனியாகத்தான்; ஆள் ஏறினால் பாரம். 2022இல் கியூ.ஆர். காட்டிப் பெற்றோல் அடித்த காலத்திலும் குளத்தங்கட்டைப் பார்க்காமல் அவருக்குக் கிழமை முடியவில்லை.

ஒயில் பார்க்கும் அழகைச் சொல்ல வேண்டும். குச்சியை உருவிப் பழைய பெனியனில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, நுனித் துளியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்து, கண்ணைச் சுருக்குவார். மாமி சீனிப்பாகுக்குப் பதம் பார்ப்பது இதே மாதிரித்தான்.

சும்மா சிரித்துத் தள்ளவும் முடியாது. 2020இல் நின்ற கார் இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய கார்கள் விலையேறி மாப்பிள்ளை மாதிரி நின்றன. நிலாவெளிப் பக்கம் போய்வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவார். பிரேக் ஒயில் ஈரம் குடிக்கும் என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார். அந்தக் காரில் ஒரு துருப்புள்ளி காட்டுங்கள் பார்ப்போம்.

போன வெள்ளிக்கிழமை மாமி கேட்டா.

“இஞ்சருங்கோ, கோணேசருக்குக் காரில போவமே?”

“கோட்டைக்குள்ள ஏத்தமப்பா. ரெண்டு பேர் பாரம் வேற.”

“அப்ப உந்தச் சனி வீட்டிலயே கிடக்கட்டும்” என்று மாமி ஓட்டோவை மறித்தா. மாமாவும் ஏறிக்கொண்டார். கோட்டை வாசல் தாண்டியதும் மான்கள் குறுக்கே வர, ஓட்டோ நின்றது. எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருந்த மாமா மெல்ல முன்னால் குனிந்தார்.

“தம்பி, கடைசியா எப்ப ஒயில் மாத்தினது?”