காருக்குப் பாய் விரித்த காதை

கான்டன், மிச்சிகன்
ஐப்பசி மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"புது வீடாயிற்றே, தரையெல்லாம் பளபளவென்று இருப்பதாகத்தானே போட்டோவில் தெரிந்தது, பிறகு எந்தத் தரைக்காக நீங்கள் இருவரும் கடை கடையாக ஏறி இறங்குகிறீர்கள்?" என்று சென்ற கடிதத்தில் வினவியிருந்தீர்கள். அது மனிதர் நடமாடும் தரையன்று. கார் நிற்கும் தரை. மாயவரத்தில் வேப்பமரத்தடியில் வெயிலையும் மழையையும் காக்கையின் அனுக்கிரகத்தையும் சமபாவத்துடன் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் சில சொட்டு எண்ணெயைப் பூமாதேவிக்கு நிவேதனம் செய்துகொண்டு நிற்கும் தங்கள் அம்பாஸடர், தனக்குக் கீழே என்ன விரித்திருக்கிறது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்ததுண்டா? இங்குள்ள கார்களின் பூர்வஜன்ம சுகிர்தம் வேறு.

இந்தத் தேசத்தில் கார் ஷெட் என்பது வீட்டின் புறத்தே நிற்கும் தகரக் கொட்டகையன்று. வீட்டின் உடம்போடு ஒட்டிப் பிறந்த அங்கம் அது. அலங்காரமாகக் கதவும் மணியும் வைத்துக் கட்டிய முன்வாசல் விருந்தினருக்கும் பார்சல்காரனுக்கும் மட்டுமே திறக்க, வீட்டுக்குடையவர்கள் காரோடு காராக ஷெட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்து துணி துவைக்கும் அறை வழியாக அடுக்களையை அடைவதே இங்கு சம்பிரதாயம். கோடைகாலத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர், கார் தொழிற்சாலையில் என்ஜினீயராயிருந்து ஓய்வு பெற்றவர், ஷெட்டின் பெரிய கதவை மேலே ஏற்றிவிட்டு, உள்ளே மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்து, தெருவில் போவோர் வருவோரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பார். அவருக்குத் திண்ணை இல்லாத குறையை அதுதான் தீர்த்து வைக்கிறது.

அதிலும் எங்கள் டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தாருக்குக் கார் ஷெட்டின்மீது ஒரு தனி பக்தி உண்டு. ஹென்றி போர்டு 1896-இல் டெட்ராய்ட் நகரத்துப் பாக்லி அவென்யூவில், தாம் குடியிருந்த வீட்டின் பின்னாலிருந்த கொட்டகையிலேதான் தம் முதல் வண்டியைச் செய்து முடித்தார். முடித்துவிட்டு வெளியே ஓட்டலாமென்று பார்த்தால், வண்டி வாசலைவிட அகலம். மனிதர் தயங்காமல் கோடரியை எடுத்துச் செங்கல் சுவரை இடித்தே வழி செய்துகொண்டு புறப்பட்டாராம். ஒரு ஷெட்டை இடித்துப் பிறந்த தொழிலால் செழித்த ஜனங்கள், அதற்குப் பிராயச்சித்தம் செய்கிறவர்களைப்போலத் தத்தம் ஷெட்டுகளுக்கு இன்றளவும் உபசாரம் செய்துவருகிறார்கள்.

ஆயினும் எங்கள் விசாரத்துக்கு மூலகாரணம் பக்தியன்று, உப்பு. டெட்ராய்ட் நகரத்தின் அடியிலே, சுமார் 1,200 அடி ஆழத்தில், ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே மனிதர்கள் தங்கள் பாட்டுக்குக் குடித்தனம் செய்துகொண்டிருக்க, கீழே வேட்டு வைத்து உப்புப் பாறையைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பனிக்காலத்தில் சாலைகளில் பனி உறைந்து வண்டிகள் சறுக்காதபடி லாரி லாரியாக உப்பைத் தூவுகிறார்கள்; சாலையிலிருக்கும் உப்பும் பனியும் குழைந்த சேற்றை எங்கள் காரானது தன் அடிவயிற்றிலும் சக்கர வளைவுகளிலும் சேகரித்துக்கொண்டு, வழியில் எங்கும் உதிர்க்காமல், பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. இரவில் அது உருகிக் குளமாகத் தேங்குகிறது. இந்த நீர் வாசல்பக்கம் வடிந்து போவதற்கென்றே தரையைச் சரித்துக் கட்டவேண்டுமென்று இங்கு ஒரு விதி உண்டு; அடிக்கு அரைக்கால் அங்குலம் போலச் சரிப்பது வழக்கம். எங்கள் வீட்டுக் காங்கிரீட்டோ, காலப்போக்கில் மண் அமுங்கியதாலோ கட்டினவர் கைராசியாலோ, நேர் எதிர்த்திசையில் சரிந்து, தங்கள் மருமகள் துணிக்கூடையுடன் கால் வைக்கும் படியின் அடியிலேயே தெப்பம் கட்டுகிறது. அந்த உப்புநீர் காங்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் இறங்கி, குளிரில் மறுபடி உறைகையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்து, மேல்தோலைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் கேட்டபோது எதிர்வீட்டுப் பெரியவர் எபாக்ஸி என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பளித்தார். பிசினும் அதை இறுகச் செய்யும் மருந்தும் தனித்தனி டப்பாவில் வருகின்றன. இரண்டும் கலந்த க்ஷணத்திலிருந்து வாளி தானாகவே சூடேறத் தொடங்கும். அது கட்டியாவதற்குள் தரை முழுவதும் உருட்டிப் பூசிவிட வேண்டும். பூசினவுடன் வண்ண வண்ணச் செதில்களைக் கைநிறைய அள்ளி, மணமக்கள்மீது அட்சதை போடும் பாவனையில் வீசவேண்டும். முடிந்தால் தரை கண்ணாடி மாதிரி மின்னும் என்பதில் சந்தேகமில்லை. அவர் வீட்டில் மின்னுகிறது. ஆனால் அதற்கு முந்தின சடங்குகளை அவர் மெள்ள மெள்ளத்தான் வெளியிட்டார். பழைய தரையை வைரப்பல் இயந்திரத்தால் சுரண்டவேண்டும், அல்லது அமிலம் ஊற்றிக் கழுவவேண்டும். எண்ணெய்க் கறை ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் பூச்சு அங்கே ஒட்டாது. குளிர் அதிகமானால் இறுகவே இறுகாது. இத்தனையும் செய்து மலிவான சரக்கைப் பூசியிருந்தால், நெடுந்தூரம் ஓடி வந்த டயரின் சூட்டில் பூச்சு இளகி ஒட்டிக்கொண்டு, மறுநாள் காலை வண்டியை எடுக்கும்போது டயரோடு கூடவே புறப்பட்டு வந்துவிடுமாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பரீட்சை உண்டு. பதினெட்டு அங்குலச் சதுரமான பிளாஸ்டிக் தாளொன்றைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கவேண்டும்; அடியில் ஈரம் பூத்திருந்தால், பூமிக்குள்ளிருந்து ஆவி காங்கிரீட்டின் ஊடே மேலேறி வருகிறதென்று பொருள். அப்படிப்பட்ட தரையில் எந்தப் பூச்சைப் பூசினாலும் அந்த ஆவி அதை அடியிலிருந்து நெம்பித் தள்ளிவிடும். எங்கள் தாளின் அடியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. இன்னும் துல்லியமாக அளக்க விரும்புகிறவர்கள் கால்சியம் குளோரைடு உப்பை ஒரு தட்டில் வைத்து, மேலே மூடி கவிழ்த்து, சில நாள் கழித்து எவ்வளவு எடை ஏறியிருக்கிறதென்று நிறுத்துப் பார்க்கிறார்கள். கடுங்குளிரில் சாலைக்குத் தூவுவதும் இதே உப்பைத்தான். தரையைக் கெடுக்கிறவனையே அழைத்துத் தரையின் நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லும் வைத்திய முறையை நான் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

பாலியாஸ்பார்டிக் என்று நாக்குச் சுளுக்கும் பெயருடைய பூச்சை ஒரே நாளில் போட்டுத் தருவதாக ஒருவர் வந்து, தரையைப் பார்த்து, தொகையைச் சொன்னார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

தங்கள் மருமகளின் மனம் ஆரம்பத்திலிருந்தே கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போட்ட ஓடுகளிலே லயித்திருந்தது. ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் ஓடுகள் அவை. பசையும் வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம். பாலிபுரொப்பிலீனில் செய்தவை கெட்டியானவை, ஆனால் செருப்புக் காலோடு நடந்தால் யாரோ ஜதி போடுவதுபோல டக்டக்கென்று ஓசை எழும். பி.வி.சி.யில் செய்தவை மிருதுவானவை, ஓசையில்லை, ஆனால் டயரின் ரப்பர் வெடிக்காமலிருக்கச் சேர்க்கும் மருந்து அவற்றில் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும், அதை எந்தச் சோப்பும் போக்காது. இரண்டிலும் பொதுவான ஒரு தொல்லை, உப்புநீர் இணைப்புகளின் வழியே கீழே இறங்கி, யார் கண்ணுக்கும் படாமல் தன் கைங்கரியத்தைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்கும் என்பது. இதை நான் எடுத்துரைத்தபோது, "கண்ணுக்குத் தெரியாத அழுக்குக்கு யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்?" என்று அவள் கேட்ட கேள்விக்கு, வேதாந்திகளிடம்கூட விடை இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு, விவசாயச் சாமான்கள் விற்கும் கடையில் குதிரை லாயத்துக்கென்று செய்த ரப்பர் விரிப்பைக் கண்டோம். நாலடிக்கு ஆறடி, முக்கால் அங்குலக் கனம், ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து கிலோ போல எடை. இருநூறு குதிரைச் சக்தி உடைய வண்டிக்குக் குதிரைப் பாய் விரிப்பது நியாயந்தானே என்று வாதித்துப் பார்த்தேன். அதன் நாற்றம் அடுக்களைவரை வரும் என்ற ஒரே காரணத்தால் வழக்கு தள்ளுபடியாயிற்று.

முடிவில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். சைலேன், சைலாக்ஸேன் என்ற வஸ்துக்கள் கலந்த ஒரு சீலரை வாங்கி, கழுவி உலர்த்திய தரையில் தெளித்தோம். தண்ணீரைப்போலவே இருக்கும் அது, காங்கிரீட்டின் துளைகளுக்குள் இறங்கி, மேலிருந்து வரும் நீரையும் உப்பையும் ஏற்காமல் தள்ளி, கீழிருந்து வரும் ஆவியை மட்டும் தடையின்றி வெளியே விடுகிறது. ஆவிக்கு வழி விட்டுத் தரையைக் காப்பது எனக்கு எல்லா மினுக்குகளையும்விட உயர்ந்த புத்தியாகப் படுகிறது. எண்ணெய்க் கறைக்கு அது பதில் சொல்லாது. அதற்குப் பூனை மலங்கழிக்கப் போடும் களிமண் குருணையைத் தூவி ஊறவிட்டுப் பெருக்கிவிடலாம். காரின் கீழே மட்டும், ஓரங்கள் ஓர் அங்குலம் எழும்பிய பெரிய விரிப்பொன்று. உருகிய பனி அதற்குள்ளேயே தேங்கும், வாரம் ஒருமுறை தள்ளுக்கட்டையால் வெளியே தள்ளிவிடலாம். இதில் ஒரே விசனம், சீலர் காய்ந்தபின் தரை பழைய தரையாகவே காட்சியளிப்பதுதான். பார்க்க வந்த நண்பர்கள், "எப்போது வேலை ஆரம்பிக்கப் போகிறீர்கள்?" என்று விசாரிக்கிறார்கள். தங்கள் மருமகள் அவர்களுக்குப் பதில் சொல்லாமல் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். அவளைச் சாந்தப்படுத்தும்பொருட்டு, படியோரத்து உலர்ந்த மூலையில் நான்கு கறுப்பு ஓடும் ஐந்து வெள்ளை ஓடும் வாங்கிக் கோத்து, அதன்மேல் துணிக்கூடை வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.

தம்பி ராமு வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்தக் காங்கிரீட் போடப் போவதாக எழுதியிருந்தீர்கள். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கியபின், காங்கிரீட் கொட்டுவதற்குமுன், கனமான பாலிதீன் தாளை மடிப்பு மேல் மடிப்பாக விரிக்கச் சொல்லுங்கள்; பிறகு விரிக்க முடியாது. சரிவு தெருப்பக்கமாக இருக்கட்டும். கொத்தனார் அவசரப்பட்டாலும் முதல் ஏழு நாளாவது தண்ணீர் தேக்கி வைக்கட்டும். 28 நாள்வரை கனமான வண்டி எதையும் அதன்மேல் ஏற்றவேண்டாம். சித்திக்கு முழங்கால் தைலம் அடுத்த வாரம் இங்கிருந்து வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
வைத்தி