காட்டுக்குள் காமிக் ஆப்ரா: கேள்வி–பதில்

கேள்வி: லெட்டர்பாக்ஸிங் என்கிறார்களே, காட்டுக்குள் போய் யாருக்குக் கடிதம் போடுவது?

பதில்: தொடக்கத்தில் உண்மையாகவே கடிதம் போட்டார்கள். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்ற பரந்த மேட்டுநிலம் இருக்கிறது. அதன் சதுப்புகளுக்கு நடுவே, எளிதில் போய்ச் சேர முடியாத கிரான்மியர் குளத்தருகே, சாக்ஃபோர்டு ஊர் வழிகாட்டி ஜேம்ஸ் பெராட் 1854இல் ஒரு பாட்டிலை வைத்தார். அத்தனை தூரம் நடந்தவர்கள் வந்துபோனதற்கு அடையாளமாகப் பெயர் அட்டையை அதில் போட்டார்கள். பிற்பாடு பாட்டில் போய்ப் பெட்டி வந்தது. வந்தவர் தம் முகவரி எழுதிய தபால் அட்டையை விட்டுச் செல்வார். அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். முன்பின் தெரியாத ஒருவரை நம்பி அட்டையை விட்டு வருவதில்தான் அந்த விளையாட்டின் அழகே இருந்தது. நாளடைவில் கடிதத்தின் இடத்தை ரப்பர் முத்திரை பிடித்துக்கொண்டது. 1998இல் ஸ்மித்சோனியன் இதழில் ஒரு கட்டுரை வந்த பிறகு அமெரிக்காவிலும் இது வேகமாகப் பரவியது. அந்நாட்டின் நியூ இங்கிலாந்துப் பகுதிக் காடுகளில் வேரூன்றியது.

கேள்வி: பெட்டியைக் கண்டுபிடித்தால் உள்ளே புதையல் உண்டா?

பதில்: ஒரு முத்திரையும் ஒரு நோட்டும் உண்டு. பெரும்பாலும் முத்திரை கையால் செதுக்கியது. அதைவிட நல்ல புதையல் வேண்டியதில்லை. தேடி வருபவர் தம் சொந்த முத்திரை, நோட்டு, ஸ்டாம்ப் பேடு மூன்றையும் கொண்டுவருவார். பெட்டியின் முத்திரையைத் தம் நோட்டில் பதித்துக்கொள்வார். தம் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் பதித்துவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே மறைப்பார். 2000இல் தொடங்கிய, இதைப் போன்றதே ஆன ஜியோகேச்சிங் விளையாட்டு ஜிபிஎஸ்ஸை நம்புகிறது. லெட்டர்பாக்ஸிங்கில் வழிகாட்டுவது எழுதி வைத்த குறிப்பு: விடுகதை, திசைகாட்டியின் பாகை, அடிக்கணக்கு.

கேள்வி: இதில் காமிக் ஆப்ரா எங்கே வந்தது? பாடிக்கொண்டே நடக்க வேண்டுமா?

பதில்: பாடினால் தடையில்லை. ஒரே பாதையில் பல பெட்டிகள் வைப்பவர்கள் அவற்றை ஒரு கருப்பொருளால் கோப்பது வழக்கம். அதற்குக் காமிக் ஆப்ரா எனப்படும் கில்பர்ட்–சல்லிவன் நகைச்சுவை இசைநாடகங்களைப் போலப் பொருந்துவது வேறில்லை. டபிள்யூ. எஸ். கில்பர்ட் எழுத, ஆர்தர் சல்லிவன் இசையமைக்க, 1871 முதல் 1896 வரை 14 நாடகங்கள் மேடையேறின. கில்பர்ட்டின் நகைச்சுவை ஒரே அச்சில் சுழல்கிறது: ஒரு விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் அது எங்கே கொண்டுபோய் விடும்? ‘தி மிகாடோ’வில் காதல் சாடை காட்டினால் தலை போகும் என்பது சட்டம். அதில் தண்டனை பெற்ற தையல்காரர் கோ-கோவையே ஊரார் தலைவெட்டும் அதிகாரி ஆக்கிவிடுகிறார்கள். அடுத்து வெட்டப்பட வேண்டியது அவர் தலை. அதை அவரே வெட்டிக்கொள்ளாமல் வேறொருவர் தலையைத் தொட முடியாது. சட்டமும் நிற்கிறது, ஊரும் பிழைக்கிறது.

லெட்டர்பாக்ஸிங் குறிப்பும் அதே குணம் கொண்டது. எழுதியபடி அடி பிசகாமல் நடப்பவருக்குப் பெட்டி கிடைக்கும்; ‘இப்படித்தான் இருக்கும்’ என்று ஊகித்தவர் புதரில் நிற்பார்.

கேள்வி: அப்படியொரு குறிப்பை எப்படி எழுதுவார்கள்?

பதில்: நாடகத்தின் தர்க்கத்தையே வழியாக்குவது சிறந்தது. ‘தி பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ நாயகன் ஃபிரெடரிக், தன் 21ஆம் பிறந்தநாள் வரை கடற்கொள்ளையரிடம் வேலை பழக ஒப்பந்தமானவன். பிறந்ததோ பிப்ரவரி 29. வயது 21 ஆகிவிட்டாலும் வந்த பிறந்தநாள்கள் ஐந்துதான். ஒப்பந்தம் சொல்வது பிறந்தநாளை. ஆகவே 1940 வரை அவனுக்கு விடுதலை இல்லை. ‘பாலத்திலிருந்து ஃபிரெடரிக் கண்ட பிறந்தநாள்களின் எண்ணிக்கையில் அடி வை’ என்று எழுதினால், நாடகம் தெரிந்தவர் ஐந்தடியில் நிற்பார். அரைகுறையாகத் தெரிந்தவர் 21 அடி போவார். அதே கொள்ளையர்கள் அநாதைகளைத் தொடுவதில்லை. தாங்களும் அநாதைகள் என்பதே காரணம். எனவே தனித்து நிற்கும் பாறையடியில் துழாவ வேண்டாம், கூட்டமாகக் கிடக்கும் பாறைகளில் தேடலாம். ‘மிகாடோ’வில் பள்ளி விட்டு வரும் மூன்று பெண்களுக்கு, ஒரே அடியில் மூன்றாகக் கிளைத்த மரம் போதும்.

கேள்வி: 14 நாடகம் என்றால் 14 பெட்டியா?

பதில்: அங்கே ஒரு சிக்கல் உண்டு, அதுவே வாய்ப்பும் ஆகிறது. முதல் நாடகமான ‘தெஸ்பிஸ்’ஸின் இசை பெரும்பாலும் தொலைந்துவிட்டது. தப்பியவற்றுள் ஒன்று, பாறைமலை ஏறி வரும் பெண்கள் பாடும் கோரஸ். அது ‘பைரேட்ஸ்’ நாடகத்துக்குள் புகுந்து பிழைத்தது. ஆகவே 13 பெட்டிகளுக்கு வெளிப்படையாகக் குறிப்பு தந்துவிட்டு, பதினான்காவதற்கான குறிப்பைப் ‘பைரேட்ஸ்’ பெட்டிக்குள் ஒளித்து வைப்பதுதான் நியாயம். மலையேறிய பிறகு கிடைக்க வேண்டிய பெட்டி அது.

முத்திரைச் சித்திரங்களுக்கும் பஞ்சமில்லை. ‘தி சார்சரர்’ நாடகத்தில் காதல் மருந்து தேநீரில் கலக்கப்படுவதால் தேநீர்க் கெண்டி, ‘பினாஃபோர்’ கப்பலுக்கு நங்கூரம், முன்னோர் ஓவியங்கள் உயிர்பெற்று இறங்கி வரும் ‘ரடிகோர்’ நாடகத்துக்கு வெற்றுச் சட்டம். பென்சில் அழிப்பான் ரப்பரிலேயே செதுக்கலாம். எழுத்துகளை மட்டும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

கேள்வி: லெட்டர்பாக்ஸிங் பிறந்த டெவனுக்கும் இந்த நாடகங்களுக்கும் உறவு உண்டா?

பதில்: உண்டு. ‘பினாஃபோர்’ நாடகத்தை அமெரிக்கக் குழுக்கள் காசு கொடுக்காமலே நடித்துத் தள்ளின. அடுத்த நாடகமாவது கைவிட்டுப் போகக் கூடாது என்று ‘பைரேட்ஸ்’ஸை ஆசிரியர்களே நியூயார்க்கில் 1879 டிசம்பர் 31இல் அரங்கேற்றினார்கள். பிரிட்டனில் காப்புரிமை பெற அதற்கு முந்திய நாள், டெவன் கடற்கரையில் உள்ள பெய்ன்டன் ஊரில் ஒரே ஒரு காட்சி நடந்தது. அருகில் ‘பினாஃபோர்’ நடித்துக்கொண்டிருந்த குழுவினர் அந்த மாலுமி உடையிலேயே, தலையில் கைக்குட்டை கட்டி, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கொள்ளையராக நடித்தார்கள்.

கேள்வி: காட்டில் எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: நியூ இங்கிலாந்தில் கசகசா அளவே உள்ள மான் உண்ணிக்கு. லைம் நோயைப் பரப்புவது அதுதான். நோய்க்குப் பெயர் தந்த லைம் ஊரும் அங்கே கனெக்டிகட்டில் இருக்கிறது. முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும், திரும்பியதும் உடம்பைச் சோதிப்பதும் அவசியம். மூன்று இலையாக வளரும் பாய்சன் ஐவி கொடியைத் தொட்டால் தோல் கொப்புளிக்கும். வேட்டைப் பருவத்தில் ஆரஞ்சு நிற மேலுடை அணிய வேண்டும். காட்டுக்குள் ஓடும் கற்சுவர்கள் பழைய பண்ணைகளின் எல்லைகள். பெட்டிக்காக அவற்றின் கல்லைப் பெயர்க்கக் கூடாது. புதிதாகப் பெட்டி வைப்பவர் நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி பெற்றே வைக்க வேண்டும்.